மூன்றாம் தரம்

இருபத்தோரு வருஷமாய்
மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
ஃபிளெஷிங் மிஷின் என்னுடையது.
சுண்ணாம்பில் ஊறி வீங்கிய தோலை
உருளைக்குள் கொடுப்பேன்,
மறுபக்கம் வெளுத்து வரும்.
கீழே தொட்டியில் விழுவது கொழுப்பு.
வழவழவென்று, சில்லிட்டு,
யாரோடும் பேசாத பொருள்
என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னுடையது பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

டாக்டர் ரோஸ்லின் படம் வரைந்து காட்டினார்.
தோலுக்கடியில் இருப்பது அவ்வளவு தொல்லை இல்லையாம்.
உள்ளே, ஈரலை ஒட்டி, குடலுக்குப் போர்வையாய்
அடைந்து கிடப்பதுதான்
இடம் போதாமல் திணறி, அழன்று,
ராவும் பகலும் ரத்தத்தில் சேதி அனுப்புமாம்:
இன்சுலின் வந்து தட்டினால் திறக்காதே.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடா" என்று
எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சொன்னது
ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
டாக்டர் கோட்டயத்துக்காரர்.
அவருக்கு அதை விளக்க முடியவில்லை.

நூற்று முப்பத்தொரு கிலோ.
காலையில் நாற்பது யூனிட், ராத்திரி இருபத்தாறு.
ஊசிக்கு இடம் தேடி என் வயிற்றை
அமுலு தட்டித் தட்டிப் பார்ப்பாள்,
பலாப்பழம் வாங்குகிறவள் போல.

ஆபரேஷனுக்கு முதல் நாள்
ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள்.
ஆராய்ச்சிக்காம். உள்ளே போகும்போது
கொழுப்பில் கொஞ்சம், பட்டாணி அளவு,
எடுத்துக்கொள்ளலாமா என்று.
தினம் டன் கணக்கில் சுரண்டித் தள்ளுகிறவனிடம்
ஒரு பட்டாணிக்குக் கையெழுத்து.
முழுப்பெயரும் எழுதினேன்.
திருவலம் ஏ. வில்வநாதன்.

ஐந்து ஓட்டை. இரைப்பை இப்போது கோழிமுட்டை.
சோறு பழைய வழியே போவதில்லை,
ஊருக்குள் வராத பெங்களூர் பஸ் மாதிரி
பைபாஸ் பிடித்துவிடுகிறது.

நாலாம் நாள்.
எடை ஒன்றரைக் கிலோகூட இறங்கவில்லை.
நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள்.
மிஷினை உதறிவிட்டு
இன்னொரு விரலில் குத்தினாள்.
நூற்றுப் பன்னிரண்டு.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
அன்று ராத்திரி ஊசி இல்லை.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
வார்டு ஃபேனையே பார்த்திருந்தாள் அமுலு,
வேலை போன ஆள் மாதிரி.

உடம்பு மெலியுமுன் சர்க்கரை எப்படி இறங்கும்?
வழி மாறிய குடல் ஏதோ சொல்கிறதாம்,
கணையம் கேட்டுக்கொள்கிறதாம்.
கொழுப்பு அடங்கத்தான் மாசக்கணக்காகுமாம்.
அப்புறம் போய்விடுமா வியாதி, என்றேன்.
"தூங்கும்" என்றார் டாக்டர்.
"சத்தம் போட்டு எழுப்பாதீங்க."

பதினான்கு மாசம். எண்பத்தாறு கிலோ.
"இன்னா வில்வம்ணா, பாதி ஆளைக் காணோம்?"
கேட்டில் நிற்கும் பையனுக்கு தினமும் இதே கேள்வி.
அல்தாஃப் பாய் மகள் கல்யாணத்தில்
பிரியாணி மூன்று ஸ்பூன்.
அதன்பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்து
பந்தி முழுக்க மெல்லும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.
கத்தரிக்காயில் காரம் என்றேன்.
நான் கத்தரிக்காயைத் தொடவே இல்லை.

அந்தப் பட்டாணி எங்கோ ஒரு குளிர்ப்பெட்டியில்
என் பெயர் இல்லாமல் எண்ணோடு இருக்கும்.
உறைந்த இடத்திலும்
பழைய பேச்சையே பேசுகிறதோ என்னவோ.

குளிக்கும்போதுதான் பார்க்கிறேன்,
அடிவயிற்றுத் தோல் மடிந்து
தொடைமேல் தொங்குகிறது.
தொழில் விடுமா?
இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டேன்.
திரும்பிப் போகவில்லை. நெகிழ்ச்சி செத்த தோல்.
ஓரமெல்லாம் சுருக்கம்,
ஐந்து தழும்பு,
ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்
எண்ணி மாளாது.
மூன்றாம் தரம்.
கையுறைக்குக்கூடத் தேறாது,
நானே ஒதுக்கிப் போட்டிருப்பேன்.

வைட்டமின் மாத்திரை போட்டாச்சா என்று
வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறாள் அமுலு.
ஆச்சு என்றேன்.
போடவில்லை.
இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு
அந்த மடிப்பைத் தூக்கி
அடியில் ஊற்றினேன்.